ஒன்பது நாற்றும் ஒரு கூடாரமும்

ஏப்ரல் 22, செவ்வாய்

நாற்றுகளின் வெப்பம், ஈரம், தண்ணீர் எல்லாவற்றையும் வேளாவேளைக்குக் குறித்து வைக்கும்படி வள்ளிநாயகம் சார் ஒரு பதிவேடு கொடுத்திருக்கிறார். அதில் எண்களுக்கு மட்டும்தான் இடம் உண்டு. மற்றதை எழுத இந்த டைரி. போன வருடத்து டைரி. கிழமைகளை அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

எங்கள் கல்லூரித் தாவரவியல் துறையில், கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு சின்ன வளர்ப்பறை இருக்கிறது. அதில் நாற்பத்து மூன்று காட்டுக் காசித்தும்பை நாற்றுகள் இருந்தன. மலையில் ஓர் ஓடைப் பாறையிலிருந்து சார் தன் கையால் சேகரித்து வந்த விதைகள். அந்தப் பாறைச் சரிவு டிசம்பர் மழையில் பெயர்ந்து ஓடையோடு போய்விட்டது. அந்த இடத்துச் செடி என்று இனிமேல் சொல்ல இவைதான் உண்டு. சார் தலைமையில் நடக்கும் ஆராய்ச்சித் திட்டத்தில் நான் உதவியாளர். விதை முளைத்த நாளிலிருந்து நாற்றுகள் என் பொறுப்பு.

ஈஸ்டர் விடுமுறை முடிந்து நேற்றுக் காலை அறையைத் திறந்தால், காற்றை வெளியே தள்ளும் ஃபேன் நின்றிருந்தது. விளக்குகளும் ஈரப்புகை விடும் மெஷினும் மட்டும் நான்கு இரவுகள் ஓடியிருக்கின்றன. கண்ணாடி முழுக்க நீர் வழிந்தது. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக இளைத்து, முப்பத்து நான்கு நாற்றுகள் படுத்துக் கிடந்தன. நாற்றழுகல். காற்று அசையாத ஈரத்தில் அது அப்படித்தான் வரும், அப்படித்தான் பரவும்.

மிச்சம் ஒன்பது.

அறையை மருந்தடித்துக் கழுவ வேண்டும். அதோடு மே மாதம் முழுக்கக் கட்டடத்தில் வயரிங் மாற்றும் வேலை. எங்கள் வீட்டுப் படுக்கையறையில் ஏசியும் இன்வெர்ட்டரும் இருப்பதால், ஒன்பதையும் இங்கே கொண்டுவந்துவிட்டேன். உள்ளே வைத்துச் செடி வளர்க்கும் கூடாரம் ஒன்றுக்கு சார் சொல்லியிருக்கிறார்.

ஃபேனை அணைத்தது யார் என்று விசாரித்தார்கள். வியாழக்கிழமை கடைசியாகப் பூட்டியவர் ஆய்வகத்தில் எடுபிடி வேலை பார்க்கும் பேச்சிமுத்து அண்ணாச்சி. “வெளக்கு சுச்சுன்னு நெனச்சு அதத் தட்டிட்டேனோ என்னமோ” என்று அவரே சொன்னார். தற்காலிக ஊழியர். இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் வியாழனன்று ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டேன். பெரிய வியாழன் ஆராதனை.

ஏப்ரல் 24, வியாழன்

கூடாரம் வந்துவிட்டது. பிரித்துப் போட்டதும் என் கணவர் ஜெயசிங் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். “பியூலா, இது செடிக்கா, நமக்கா?”

நான்கடி நீளம், இரண்டடி அகலம், ஐந்தடி உயரம். கம்பிகளை மூலைக் கொக்கிகளில் செருகிச் சட்டம் கட்டி, மேலே துணியைப் போர்த்தி ஜிப்பை இழுக்க வேண்டும். வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளித்தாள் போல மினுக்கம். மேலே இரண்டு வட்டத் திறப்புகள், கீழே மூன்று பக்கமும் வலை போட்ட சன்னல்கள். குழாயோடு இணைக்கிற ஃபேன் தனி, குழாய் தனி. துணியை முதலில் திருப்பிப் போட்டுவிட்டோம். மறுபடி கழற்றி மாட்ட மதியம் ஆகிவிட்டது.

கட்டிலைச் சுவரோரம் தள்ளினோம். கூடாரத்துக்கும் கட்டிலுக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்கலாம். ஏசி இருபத்திரண்டில் ஓட வேண்டும். சித்திரை வெயிலில் ஜெயசிங் போர்வை தேடுகிறார்.

மாலையில் ஃபேனைப் போட்டேன். கூடாரத்துச் சூடு படுக்கையறைக்குள் வந்தது. அதே காற்று கீழ்ச் சன்னல் வழியாக மறுபடி கூடாரத்துக்குள் போனது. ஒரே காற்றைத் திருப்பித் திருப்பிச் சுற்றவிட்டுக்கொண்டிருக்கிறேன். உள்ளே முப்பத்தொன்று டிகிரி. இவற்றுக்கு இருபத்தைந்துக்கு மேல் ஆகாது.

ஏப்ரல் 25, வெள்ளி

காலை பத்து மணிக்கு அழைப்பு மணி. திறந்தால் பேச்சிமுத்து அண்ணாச்சி நிற்கிறார். கையில் ஒரு கோணிப்பை, உள்ளே ரம்பம், சுத்தியல், உளி.

“காலேஜ் வாச்மேன் சொன்னான், செடியெல்லாம் இங்கன இருக்குன்னு. என்னால போனது போச்சு. மிச்சத்துக்கு எதாச்சும் செய்யலாம்லா மேடம்?”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளே அழைத்தேன்.

கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். “காத்து வெளிய போகணும்னா வீட்டுக்கே வெளிய போகணும். ரூமுக்குள்ள விட்டா எப்பிடி?” அறைச் சன்னலின் ஒரு கண்ணாடியைக் கழற்றி, அந்த அளவுக்குப் பிளைவுட் வெட்டி, நடுவில் குழாய் நுழைய வட்டம் போட்டார். குழாயை நான் வளைத்து நெளித்துச் சுவரோரமாகக் கொண்டுபோயிருந்தேன். அதை இழுத்துப் பாதியாக வெட்டினார். கூடாரத்தையே சன்னலுக்குப் பக்கத்தில் நகர்த்தி, மேல்திறப்பிலிருந்து நேராகச் சன்னலுக்கு ஒன்றரை அடி. வளைவே இல்லை.

ஃபேனைப் போட்டதும் கூடாரத்தின் துணி நான்கு பக்கமும் லேசாக உள்ளே குழிந்தது. கன்னத்தை உறிஞ்சுவதுபோல. அதுதான் சரியான அடையாளம். போகிற காற்று வருகிற காற்றைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் அறைக் குளிர்ச்சி கீழ்ச் சன்னல்கள் வழியாகத் தானே உள்ளே ஏறும்.

பையிலிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்தார். “உங்க வீட்ல இருக்காதுன்னு கொண்டாந்தேன்.” கொளுத்திக் கீழ்ச் சன்னலருகே பிடித்தார். புகை அப்படியே வளைந்து உள்ளே போனது. சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். பிறகு கூடாரத்துக்குள் ஒன்பது தொட்டிகளையும் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

மாலை ஐந்து மணிக்கு இருபத்து நான்கு டிகிரி.

ஏப்ரல் 28, திங்கள்

காற்று அதிகமாகிவிட்டது. வெப்பம் சரி, ஈரம் நாற்பது சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பதினேழாம் எண் நாற்றின் இலையோரம் காய்ந்திருக்கிறது. ஃபேனுக்கு ரெகுலேட்டர் மாட்டி வேகத்தைப் பாதியாக்கினேன். ஈரத்துணி ஒன்றைக் கீழ்ச் சன்னலுக்கு முன்னால் கொடியில் தொங்கவிட்டேன். எழுபதுக்கு ஏறியது.

உள்ளே ஒரு சின்னக் கிளிப் ஃபேனும் வைத்திருக்கிறேன். செடிமேல் நேராக அடிக்கக் கூடாது, துணியில் பட்டுத் திரும்ப வேண்டும். இலை ஆடுவதும் தெரியாமல் ஆட வேண்டும். அப்படி ஆடினால்தான் தண்டு தடிக்கும்.

ஏப்ரல் 30, புதன்

இருபத்து மூன்றாம் எண் போய்விட்டது. மிச்சம் எட்டு.

மே 2, வெள்ளி

அண்ணாச்சி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறார். செய்ய ஏதாவது வேலை இருக்கிறதா என்று பார்க்கிறார். இல்லாவிட்டால் சன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டுகிறார். இன்று குழாயின் வெளிமுனையில் ரப்பர் தகட்டில் ஒரு மூடி செய்து மாட்டினார். காற்று தள்ளும்போது திறக்கும், ஃபேன் நின்றால் தானே விழுந்து மூடிக்கொள்ளும். அப்போது வெளி அனல் உள்ளே வராது.

காபி கொடுத்தேன். தரையில் உட்கார்ந்து குடித்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னால் கேட்பதில்லை.

“வேற வேல பாக்குதீங்களா அண்ணாச்சி?”

“கேட்டிருக்கேன். ஆனா எனக்கே பயமா இருக்கு மேடம். எங்க அப்பா அறுவது வயசுல எல்லாத்தையும் மறந்துட்டாரு. தேரோட்டத்துக்குப் போனவரு வீட்டுக்கு வழி தெரியாம மூணு நாள் சுத்துனாரு. எனக்கு அம்பத்திநாலு. அந்த சுச்சத் தட்டுனது எனக்கு ஞாபகமே இல்லைங்கதுதான்… ஞாபகம் இருந்தா தப்புன்னு விட்ரலாம்.”

தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தொடர்ந்தார். “எம் பொஞ்சாதி ஆவுட அடுப்புப் பக்கம் வரக்கூடாதுன்னுட்டா. கேஸத் தெறந்து போட்டுட்டுப் போயிருவேன்னு பயப்படுதா. கல்யாணம் ஆனதுலேருந்து காலையில தேயில நாந்தான் போடுவேன்.”

நான் எட்டுத் தொட்டிகளுக்கும் தண்ணீர் தெளித்தேன். மண் ஏற்கெனவே ஈரமாகத்தான் இருந்தது.

மே 4, ஞாயிறு

சார் வந்து பார்த்தார். முழங்காலிட்டுக் கூடாரத்துக்குள் தலையை விட்டு வெகுநேரம் இருந்தார். வெளியே வந்தபோது மூக்குக் கண்ணாடியில் நீர் படிந்திருந்தது. “மலையில இருக்கிற மாதிரியே இருக்கும்மா உள்ள” என்றார். நன்றாகச் செய்திருப்பதாகச் சொன்னார். ஜூன் மாதம் திட்ட நீட்டிப்பு வரும், என் பெயரைத்தான் எழுதப்போகிறாராம்.

சன்னல் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “யாரு வேலை இது? சுத்தமா இருக்கே” என்றார்.

“தெரிஞ்ச ஆசாரி” என்றேன்.

மே 6, செவ்வாய்

சாயங்காலம் சமையலறையில் இருந்தேன். படுக்கையறையிலிருந்து வந்துகொண்டே இருந்த ஃபேன் சத்தம் சட்டென்று நின்றது. மாவுக் கையோடு ஓடினேன். ஜெயசிங் ஒரு கையில் போனோடு நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இன்னொரு கை சுவிட்சுப் பெட்டியின் மேல்.

நான் என்ன கத்தினேன் என்று எழுத விரும்பவில்லை. போனின் அந்தப் பக்கம் இருந்தவருக்கும் கேட்டிருக்கும்.

அவர் போனை வைத்தார். ஃபேனைப் போட்டார். “ஒரு நிமிஷந்தான் அணைச்சேன். ஆபீஸ்லேருந்து மேனேஜர். இந்த இரைச்சல்ல ஒண்ணுமே கேக்கல. பேசி முடிச்சிட்டுப் போட்ருப்பேன்.”

“போட்ருக்க மாட்டீங்க. மறந்துருப்பீங்க. பேசிக்கிட்டே வெளிய போயிருப்பீங்க.”

“அது எப்பிடி உனக்குத் தெரியும்?”

அடுக்களைக்குத் திரும்பினேன். மாவு காய்ந்து விரல்களில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மே 7, புதன்

பதிவேட்டில் எண்களை மட்டும் எழுதினேன்.

மே 9, வெள்ளி

ஏப்ரல் பதினேழு, வியாழன், நாலே முக்கால் மணி. வளர்ப்பறையில் தொட்டிகளைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன். என் தங்கை சாந்தி கூப்பிட்டாள். ஈஸ்டர் கேக்குக்கு அச்சு வேண்டுமாம். வட்டமா, சதுரமா என்று கேட்டேன். அவள் சொன்னது ஃபேன் இரைச்சலில் கேட்கவில்லை. கதவோரச் சுவிட்சை அணைத்தேன். வட்டம்தான் என்றாள். முந்திரி நான் வாங்கி வருகிறேன், திராட்சை நீ வாங்கு என்றேன். பேசிக்கொண்டே பையை எடுத்தேன். மணி பார்த்தேன். பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

நான்தான் அணைத்தேன்.

இது எனக்கு எப்போது தெரியும் என்றும் எழுதிவிட வேண்டும். இருபத்தோராம் தேதி காலையில், அந்தக் கண்ணாடியில் நீர் வழிவதைப் பார்த்த நொடியிலேயே தெரியும். சார் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டபோது நான் வாய் திறப்பதற்குள் அண்ணாச்சி, “நானா இருக்கும் சார்” என்றுவிட்டார். அவர் அப்படிச் சொல்லாதிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று பதினெட்டு நாளாக நம்பிக்கொண்டிருக்கிறேன். சொல்லியிருப்பேனா என்பது நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை.

மே 11, ஞாயிறு

கோயிலில் திருவிருந்து அப்பம் வாங்க எழுந்து போகவில்லை. ஜெயசிங் முன்னே போனவர் திரும்பிப் பார்த்தார். கால் வலி என்று சைகை காட்டினேன்.

நாற்றுகள் எட்டும் நலம். நான்காம் எண்ணில் ஏழாவது இலை.

மே 12, திங்கள்

மதியம் இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. ஏசியும் விளக்கும் நின்றன. ஃபேன் மட்டும் இன்வெர்ட்டரில் ஓடியது. அறை சூடாகச் சூடாக அது சூட்டையே உள்ளே இழுத்தது. அண்ணாச்சி அந்நேரம் இருந்தார். வாளியில் ஐஸ் வாங்கி வந்து கீழ்ச் சன்னலுக்கு முன்னால் வைத்தார். போர்வையைப் போர்த்திப் பனிக்கட்டியின் மேலாகக் காற்று போகும்படி ஒரு வழி செய்தார். இருபத்தெட்டுக்கு மேல் ஏறவில்லை. பதினேழாம் எண் மட்டும் சாயங்காலம் தலை தொங்கி, பிறகு நிமிரவில்லை. ஏற்கெனவே இலை காய்ந்திருந்ததுதான். மிச்சம் ஏழு.

ஐஸ் உருகுவதற்குக் காத்திருந்தபோது சொன்னார். “சனிக்கெழம ஆசுபத்திரிக்குப் போயிருந்தோம். ஞாபக மறதிக்குப் பாக்குற டாக்டர். மூணு வார்த்த சொன்னாரு. கொஞ்சம் கழிச்சுத் திருப்பிக் கேட்டாரு. ரெண்டுதான் வந்துச்சு.”

“பதட்டத்துல எல்லாருக்கும் அப்பிடித்தான் அண்ணாச்சி.”

“அவரும் அதத்தான் சொன்னாரு. ஆறு மாசம் கழிச்சு வாங்க, இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுன்னாரு. ஆவுட கேக்கல. அந்த ஃபேன் கதயச் சொன்னா. அதக் கேட்டப்பெறகு அவரும் எழுதிக்கிட்டாரு.” பனிக்கட்டியைக் கம்பால் தள்ளிவிட்டார். “மூணாவது வார்த்த ‘சாவி’. ராத்திரி படுத்தப்பெறகு வந்துச்சு. யார்ட்ட சொல்ல?”

சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். வீட்டு விலாசம், மகள் போன் நம்பர், எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்பது எல்லாம் ஆவுடையக்காவின் கையெழுத்தில்.

அப்போதும் நான் சொல்லவில்லை. சொல்வதற்கு வாய் திறந்தேன். மின்சாரம் வந்துவிட்டது. அவர் எழுந்து விளக்கைப் பார்க்கப் போய்விட்டார்.

மே 13, செவ்வாய்

ஜெயசிங்கிடம் சொன்னேன். இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமலே, “எனக்குத் தெரியும்” என்றார். “நீ அன்னைக்குக் கத்துனியே, அப்பவே.”

“ஏன் கேக்கல?”

“நீயா சொல்லணும்னு இருந்தேன். அதுவும் தப்புதான் போலருக்கு. அந்த மனுஷன் நம்ம வீட்ல தரையில உக்காந்து காபி குடிக்கும்போது நானும் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்.”

கூட வரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

மே 14, புதன்

கொக்கிரகுளத்தில் அவர்கள் வீடு. ஒரே அறை, பின்னால் ஒடுக்கமாக ஓர் அடுக்களை. காலை ஏழு மணிக்குப் போனேன். அண்ணாச்சி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். “செடிக்கு என்னம்மோ ஆயிட்டா?”

“செடி நல்லாருக்கு.”

நிற்கும்போதே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

“அண்ணாச்சி, அந்த ஃபேன நீங்க அணைக்கல. நான்தான் அணைச்சேன்.”

அவர் புரியாமல் பார்த்தார். ஆவுடையக்கா அடுக்களை வாசலுக்கு வந்து நின்றார்.

“எத்தன மணிக்கு?” என்றார் அண்ணாச்சி.

“அஞ்சு மணிக்குக் கொஞ்சம் முன்னால. போன் வந்துச்சு. சத்தத்துக்காக அணைச்சேன். திரும்பப் போட மறந்துட்டேன்.”

“அப்ப நான் ஆறு மணிக்குப் பூட்டும்போது அது நின்னுதான் இருந்திருக்கு.”

“ஆமா.”

பேப்பரை நான்காக மடித்தார். “அன்னைக்கு அந்த ரூமு அமைதியா இருந்த மாதிரி எனக்கு ஒரு ஞாபகம் உண்டு. மேடம் இப்பத்தான போயிருக்காக, அவுகளுக்குத் தெரியாமயான்னு பூட்டிட்டுப் போயிட்டேன். பெறகு சார் கேக்கும்போது அதச் சொன்னா தப்பிக்கப் பாக்குதான்னு நெனப்பாகன்னு சொல்லல. நாளாக நாளாக அது நெசமா, நானாக் கற்பன பண்ணிக்கிட்டதான்னு எனக்கே தெரியாமப் போச்சு.” நிமிர்ந்து பார்த்தார். “அப்ப அது நெசந்தான்.”

“நெசந்தான் அண்ணாச்சி.”

அவர் முகத்தில் வந்ததைக் கோபம் என்று சொல்ல முடியாது. காய்ச்சல் விட்டவன் முகம் போல இருந்தது. அதைப் பார்ப்பது கோபத்தைப் பார்ப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கோபம் ஆவுடையக்காவுக்கு வந்தது. “மூணு வாரம்! இந்த மனுசன் ராத்திரியெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சுக் கதவு பூட்டிருக்கான்னு பாத்துட்டு வந்து படுத்தாரு. பேரப்பிள்ளைய இவருகூடக் கடைக்கு அனுப்பாதன்னு மகட்ட நான் சொன்னேன். நான் சொன்னேன்! உங்க வீட்டுக்கு வந்து பைப்பு மாட்டித் தந்தாரே, சன்னல் அடச்சுத் தந்தாரே, அப்பல்லாம் சொல்ல வாய் வரலையோ?”

“வரலக்கா.”

“ஏன்?”

பயம் என்று சொல்லலாம். திட்ட நீட்டிப்பு என்று சொல்லலாம். இரண்டும் உண்மை. ஆனால் அந்த அறையில் நின்றபோது அந்த இரண்டையும் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. “தெரியலக்கா” என்றேன்.

“ஏட்டி, சும்மா இரு” என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி அடுக்களைக்குள் போனார். ஆவுடையக்கா வழிவிட்டார். தீப்பெட்டி உரசும் சத்தம். அடுப்புப் பற்றும் சத்தம். பால் பொங்கியது. தேயிலை மணம் வந்தது. அடுப்பை அணைத்தார். குனிந்து சிலிண்டரின் குமிழைத் திருகி மூடினார். ஒரு தடவைதான் மூடினார், திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு தம்ளர்களோடு வந்தார். ஒன்றை மனைவியிடம் கொடுத்தார். மற்றதைத் தான் குடித்தார்.

நான் கிளம்பினேன்.

மே 15, வியாழன்

சார் வீட்டுக்குப் போனேன். சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கைக்குட்டையால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நாத்து போனது எனக்கு வருத்தம்தான். அது யாருக்கும் நடக்கும்மா. நானே ஒருதரம் ஒரு டப்பா விதைய வெயில்ல வெச்சுக் கொன்னிருக்கேன்.” துடைப்பதை நிறுத்தினார். “ஆனா ‘தெரிஞ்ச ஆசாரி’ன்னியே.”

நான் தலை குனிந்தேன்.

“முதல்வருக்கு எழுதிக் கொடு. ஒண்ணும் விடாம எழுது. நீட்டிப்புக்கு உன் பேரை நான் எழுத முடியாது. இந்த ஏழு நாத்தையும் ஜூன்ல திரும்பக் கொண்டுவர வரைக்கும் பாத்துக்கிடுவியா?”

“பாத்துக்கிடுதேன் சார்.”

மே 19, திங்கள்

கடிதம் கொடுத்தேன். இரண்டு பக்கம். கேக் அச்சையும் எழுதினேன். முதல்வர் அறை எழுத்தர் அந்த வரியைப் படிக்கும்போது என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அண்ணாச்சி இனி வர மாட்டார். பிளைவுட்டின் ஒரு மூலையில் டேப் விட்டிருக்கிறது. நானே ஒட்டினேன். சுருக்கம் விழுந்துவிட்டது.

மே 26, திங்கள்

கிளிப் ஃபேன் நின்றுவிட்டது. மாற்றுக்குப் புதிது வாங்கும் வரை அரைமணிக்கு ஒரு தடவை ஜிப்பைத் திறந்து விசிறியால் வீசினேன். பகலெல்லாம் அதுதான் வேலை. தண்டுகள் பென்சிலின் கரிக்குச்சி அளவு தடித்திருக்கின்றன. முனைகள் சிவந்திருக்கின்றன. மலையில் பார்த்த தாய்ச் செடியின் தண்டும் இந்தச் சிவப்புதான் என்று சார் சொல்லியிருக்கிறார்.

ஜெயசிங் அலுவலகத்திலிருந்து வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, விசிறியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சாப்பாடு ஆகும்வரை வீசிக்கொண்டிருந்தார்.

மே 30, வெள்ளி

வாச்மேன் போன் செய்தார். பேச்சிமுத்து அண்ணாச்சியைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்தாராம். வந்ததும் முதல்வரிடம் ஒரே ஒரு கோரிக்கை வைத்தாராம். பூட்டும்போது எந்தெந்த சுவிட்சு எப்படி இருந்தது என்று எழுதி, கடைசியாக அறையில் இருந்தவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ள ஒரு நோட்டு வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

நேற்றிலிருந்து சாரல். கல்லூரியில் வயரிங் வேலை முடிந்துவிட்டது, வளர்ப்பறையும் கழுவித் தயாராக இருக்கிறது. காரின் பின்சீட்டில் தெர்மாகோல் பெட்டிக்குள் ஏழு தொட்டிகள். ஜெயசிங் மெதுவாக ஓட்டினார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் பெட்டியைக் கையால் அணைத்துக்கொண்டேன்.

சார் ஊரில் இல்லை. துறையில் அண்ணாச்சிதான் இருந்தார். புதுச் சட்டை. என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார். நானும் வைத்தேன். பெட்டியை வாங்கி மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார். ஏழு தொட்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் தூக்கிப் பார்த்தார். நான்காம் எண்ணை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் கையில் வைத்திருந்தார்.

“நல்லா வந்துருக்கு” என்றார். செடியைப் பார்த்துத்தான் சொன்னார்.

நோட்டை எடுத்து விரித்தார். தேதி, தொட்டி எண், இலைகளின் எண்ணிக்கை, தண்டின் நிலை என்று கட்டங்கள் போட்டிருந்தார். அவரே அளவுகோல் வைத்துப் போட்ட கோடுகள். பேனாவை என் பக்கம் நீட்டினார்.

“ஒவ்வொண்ணா நீங்களே பாத்து எழுதிருங்க மேடம். நான் வாங்கும்போது எப்பிடி இருந்துச்சுன்னு உங்க கையாலயே இருக்கட்டும்.”

எழுதினேன். அவர் பக்கத்திலேயே நின்று ஒவ்வோர் இலையையும் எண்ணினார். பதினொன்றாம் எண்ணில் நான் ஒன்பது என்று எழுதியதை, “பத்து. அடியில ஒண்ணு இருக்கு பாருங்க” என்றார். குனிந்து பார்த்தேன். இருந்தது. அடித்துத் திருத்தினேன். திருத்தத்துக்குப் பக்கத்திலும் ஒரு கையெழுத்து கேட்டார்.

போட்டேன். கீழே முழுக் கையெழுத்தும் போட்டேன். அதற்கடியில் அவர் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக நிதானமாக எழுதினார்.

பையை எடுத்துக்கொண்டேன்.

“வாரேன் அண்ணாச்சி.”

அவர் தொட்டிகளை உள்ளே எடுத்துப்போகத் திரும்பியிருந்தார். யார் “வாரேன்” என்று கிளம்பினாலும் “வாங்க” என்று சொல்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். வாசல்படி வரைக்கும் அதை எதிர்பார்த்து நடந்தேன்.

“சரி” என்றார்.